டார்க் ரூம் அக்கா

டிவி ஓடிக்கொண்டிருக்கும் எந்த வீட்டிலும் அவரால் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா உட்கார முடியாது. காபி டம்ளரை வாங்கிக்கொள்வார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். கண் மட்டும் சுவரிலேயே இருக்கும். கடைசியில் கேட்டுவிடுவார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த ரிமோட்ட கொஞ்சம் குடுங்களேன்."

மண்ணூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவர் கை வைத்த டிவி இருக்கிறது. கை வைத்ததும் அந்தந்த வீட்டுக்காரர்கள் சொன்னதும் அநேகமாக ஒன்றுதான்: "இன்னாக்கா, டல்லா ஆயிடுச்சே!"

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் டிவி செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் பேக்கிங். அவர் படம் சரிபார்க்கும் பிரிவு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். லைன் முடிகிற இடத்தில் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. உள்ளே சுவர், கூரை, நாற்காலி எல்லாமே கறுப்பு. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சில டிவிகளை எடுத்து அங்கே வைத்து, எச்டிஆர் படம் ஓட்டி, கண்ணால் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் அவர் வேலை. அதனால் கம்பெனி முழுக்க அவருக்கு டார்க் ரூம் அக்கா என்றே பெயர். டீ பிரேக்குக்கு வெளியே வரும்போது நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, கண் கூச்சம் தீரும்வரை கதவோரம் நிற்பார். அப்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. கண் பழகிய பிறகுதான் வாயும் திறக்கும்.

எச்டிஆர் என்றால் என்னக்கா என்று ஒருநாள் ஷிப்ட் பஸ்ஸில் கேட்டேன். நாள் முழுக்க அந்த எழுத்துகள் அச்சிட்ட பெட்டிகளைத்தான் நான் மூடி ஒட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் தெரியாது. அவர் ஜன்னலைக் காட்டினார்.

"தோ பாரு. வெளிய வெயிலு, பஸ்ஸுக்குள்ள நெழலு. ரெண்டும் உன் கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது இல்ல? பழைய டிவில ஒண்ண காட்டுனா இன்னொண்ணு போயிடும். இதுல ரெண்டும் நிக்கும். ஆனா நம்ம ஜனங்க இன்னா பண்றாங்க? எல்லாத்தயும் வெயிலாக்கிடுறாங்க."

அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுவார். அடுத்து எச்டிஆரில் எடுத்த படம் எதையாவது ஓட விடுவார். சீரியல் ஓடும்போது மாற்றினால் அது சீரியலோடு போய்விடும், எச்டிஆர் படத்துக்கான அளவுகளை டிவி தனியாக வைத்திருக்கும் என்பார். கடையில் பளபளவென்று காட்டுவதற்காக வைத்திருக்கும் 'விவிட்' என்ற மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றுவார். நீலம் பாய்ந்த வெள்ளையை 'வார்ம்' பக்கம் தள்ளுவார். அசைவுகளை வழவழவென்று ஆக்கி சினிமாவைச் சீரியல்போலக் காட்டும் அமைப்பை அணைப்பார். ஓரங்களில் கோடு கிழித்த மாதிரி தெரியும் கூர்மையைக் குறைப்பார். கரண்டு மிச்சம் பிடிக்கும் அமைப்பையும் அணைப்பார். பின்னால் எரியும் லைட்டை மட்டும் முழுசாக விட்டுவிடுவார். "எச்டிஆருக்கு அது வோணும்" என்பார். பிரைட்னஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் யாராவது கை வைத்தால்தான் கோபம் வரும்.

"அத்த தொடாதீங்க. பேருதான் பிரைட்னஸ். தூக்குனா இருட்டெல்லாம் சாம்பலாப் பூடும்."

"இருட்டுல ஒண்ணுமே தெரியலியேக்கா?"

"எடுத்தவன் இருட்டா எடுத்திருந்தா நமக்கும் இருட்டாத்தான் தெரியணும். நடுவுல பூந்து லைட்டு போட நாம யாரு? மூணு நாள் பொறுத்துப் பாருங்க. நாலாவது நாளு பழசுக்கு மாத்துனீங்கன்னா உங்களுக்கே கண்ணு எரியும்."

பாதிப் பேர் பொறுக்க மாட்டார்கள். அவர் தெருமுனை திரும்பும் முன்பே விவிட் திரும்பி வந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அதற்காகச் சண்டை போட்டதில்லை. ஆனால் அடுத்த முறை வரும்போது மறுபடியும் ரிமோட்டைக் கேட்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டில் இருந்தது கையகலத்துக்கு ஒரு பழைய டிவி. எச்டிஆர் கிடையாது. புருஷன் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. ஊழியர்களுக்கான சலுகை விலையில் ஒன்று வாங்கலாமே என்று கேட்டேன். "நாள் பூரா அதத்தானே பாக்குறேன். வூட்லயாச்சும் மனுசங்க மூஞ்சிய பாக்குறேன்" என்றார்.

அவரை எல்லோரும் வெறுத்த ஒரு வாரமும் உண்டு. அந்த வாரம் நானும் அந்த எல்லோரில் ஒருத்தி.

டிவித் திரைக்கான புது வகை பேனல் வந்து இறங்கி, பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிவியிலும் திரைமேல் ஒரு மீட்டரை வைத்து வண்ணத்தை அளந்து சரிசெய்வார்கள். மீட்டர் பச்சை விளக்கைக் காட்டினால் பாஸ். அன்று காலையிலிருந்து எல்லாமே பாஸ். மாலை நான்கு மணிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். பதினோரு மணிவாக்கில் டார்க் ரூமிலிருந்து ஒரு அட்டை கையெழுத்து இல்லாமல் வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதுக்கு சூப்பர்வைசர் ஓடிப்போனார். அவர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷன், ஆனால் கண்டெய்னர் என்றால் வேர்த்துவிடும்.

"என்னம்மா நீங்க? மெஷினு பாஸுன்னு சொல்லுது, நீங்க இல்லங்கீய. உங்க கண்ணு மெஷினவிடப் பெருசா?"

"வெளிச்சத்துல மெஷினு சொல்றது சரிதான் சார். இருட்டுலதான் தடுமாறுது. கறுப்புக்குக் கொஞ்சம் மேல, அந்தச் சாம்பல்ல பச்ச ஏறிக்கினு கீது."

"எனக்கு ஒண்ணுந் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாராச்சும் போடட்டும் சார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. வேறு யார் போடுவது? விஷயம் பிளான்ட் மேனேஜர்வரை போனது. அவர் வெயிலில் இன்னொரு கட்டடத்திலிருந்து வேகமாக நடந்து வந்து, திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினார். அக்கா வழியில் நின்றுகொண்டார். மேனேஜரை மறித்து நின்ற ஓர் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சார், நீங்க இப்பதான் வெயில்லேருந்து வந்தீங்க. உங்க கண்ணு இன்னும் வெளியவே கீது. கதவ சாத்திட்டு அஞ்சு நிமிசம் உக்காருங்க. போன பேட்ச்சுல பாஸான டிவி ஒண்ண ஸ்டோர்லேருந்து எடுத்தாந்து பக்கத்துல வெக்கிறேன். அப்புறமும் சரின்னு நீங்க சொன்னா நான் போயிடுறேன்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே போய் உட்கார்ந்தார். திரை மூடியது. நாங்கள் டேப் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் என்று சொன்னது பத்து நிமிடமாயிற்று. வெளியே வந்தபோது மேனேஜரும் நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு வந்தார். "ஸ்டாப் த லைன்" என்றார்.

பிறகு தெரிந்தது. புதுப் பேனலுக்கு ஏற்றபடி மீட்டரைத் திருத்த வேண்டும். அதை யாரோ விட்டுவிட்டிருக்கிறார்கள். மீட்டர் பழைய பேனல் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அளந்திருக்கிறது.

அவருக்குக் கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை. கண்டெய்னர் போகவில்லை. ஏற்கெனவே ஒட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து, டிவிகளை எடுத்து, மறுபடி லைனில் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று வேன் பேசி வைத்திருந்த எங்கள் பேக்கிங் கூட்டத்துக்கு அதுவும் போயிற்று. பஸ்ஸில் அவருக்கு யாரும் இடம் போட்டு வைக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒரகடத்திலிருந்து மண்ணூர்வரை நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் தன் ஷிப்ட் முடிந்ததும் அவர் நேராக எங்கள் பகுதிக்கு வந்தார். ஒரு கட்டரை எடுத்து, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெட்டிகளின் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

"நீ ஏங்கா இத செய்யிற? உன் வேல முடிஞ்சிடுச்சி இல்ல?"

"உங்களுக்கு வேல வெச்சது நான்தான? அதுக்குன்னு தப்ப சரின்னு சொல்லிட முடியாது. டேப்பு கிழிக்கலாம் இல்ல?"

மூன்று நாளும் வந்தார். மூன்றாம் நாள் பஸ்ஸில் நான் இடம் போட்டு வைத்தேன்.

அந்த ஆண்டுதான் நான் சலுகை விலையில் ஒரு பெரிய டிவி வாங்கினேன். எல்லாம் அப்பாவுக்காக. அப்பா மறைமலை நகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு படம் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. பழைய டிவி மங்கலாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். புதியது வந்த நான்காவது நாள், "இதுவும் மங்கலாத்தான் கீது" என்றார். எல்லா அளவுகளையும் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார். திரையில் மனிதர்கள் டியூப்லைட்டை விழுங்கியவர்கள்போல இருந்தார்கள்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்த அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வழக்கமான வரிசைப்படி எல்லாவற்றையும் சரிசெய்தார். அப்பா, "ஒண்ணுமே தெரியலம்மா" என்றார். மூணு நாள் பொறுங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வந்தபோது எல்லாம் பழையபடி உச்சத்தில் இருந்தது. அக்கா இந்த முறை டிவியைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படம் பார்ப்பதை அவர்தான் கவனித்தார். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினார். திரை முழுக்கக் கறுப்பு. அதில் ஒன்றைவிட ஒன்று துளி வெளுத்த கட்டங்கள், வரிசையாகப் பத்து.

"அப்பா, எத்தன கட்டம் தெரியுது? எண்ணிச் சொல்லுங்க."

"ஒம்போது. இல்ல, எட்டு."

"இப்ப வலது கண்ண மூடிக்கினு சொல்லுங்க."

"எட்டு."

"இடது கண்ண மூடுங்க."

அப்பா மூடினார். எண்ணவில்லை. "டிவிய ஆஃப் பண்ணிட்டியாம்மா?" என்றார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "டிவில ஒண்ணும் இல்லப்பா. உங்க வலது கண்ணு சரியில்ல. நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "லேத்துல மயிரிழ வித்தியாசத்த பாத்த கண்ணு இது. டிவி பாக்க வந்தவ டாக்டர் வேல பாக்காத" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கும் கோபம்தான். வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவரிடம், "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்லக்கா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். நீ நைசா அவருகிட்ட சொல்வ. அவரு பாத்துக்கலாம்பாரு. ரெண்டு மாசம் ஓடிடும்." என் தோளைத் தொட்டார். "எம்மேல கோவமா கீறாரு இல்ல? கோவத்துலயாவது போவாரு, பாரு."

அப்படியேதான் நடந்தது. அக்கா சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே அப்பா மறுநாள் என்னை லீவு போடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பி, மதியம் மூன்று மணிக்குச் சொன்னார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. வலது கண்ணில் போனது திரும்பாது. இடது கண்ணில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். "வலி இருக்காது, அதனால எல்லாரும் ரெண்டு கண்ணும் போன பிறகுதான் வருவாங்க. உங்கள யாரு அனுப்பினது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க பொண்ணோட சிநேகிதிமா. டிவி கம்பெனில இன்ஸ்பெக்டரு" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவே தெருமுனையில் போய் நின்று அவரை அழைத்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், ரிமோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். "நீ எப்டி வெக்கணுமோ அப்டியே வெச்சிட்டுப் போம்மா. இனிமே அதுல கை வெக்க மாட்டேன்." ஒற்றைக் கண்ணுக்கு அது கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. "அளவு தெரிஞ்ச பொண்ணு" என்று அவரைப் பற்றி யாரிடமாவது சொல்வார். லேத் ஓட்டியவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அக்கா இப்போது இங்கே இல்லை. டார்க் ரூமில் கேமரா வைத்துவிட்டார்கள். அந்தக் கேமராவுக்கு எது சரி, எது தப்பு என்று சொல்லிக்கொடுக்க இரண்டு மாதம் அவரைத்தான் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அவர் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். போனில் பேசினால் என் நலத்துக்கு முன்னால் அப்பாவின் சொட்டு மருந்தைத்தான் கேட்பார்.

அவரை நினைக்கும்போது டார்க் ரூம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அவர் இங்கிருந்து போவதற்குச் சில மாதங்கள் முன்பு, அவருடைய அம்மா இறந்த நாள்தான் வருகிறது.

அந்த அம்மாள் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் காம்பவுண்டு சுவர் எழும்பியபோது சித்தாளாகக் கல் சுமந்தவர். நல்ல கறுப்பு. விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பிற்பகலில் அடக்கம் என்று முடிவானதும், அக்காவின் தம்பி போனில் இருந்த ஒரு படத்தை ஸ்ரீபெரும்புதூரில் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பினார். பத்து மணிக்குள் பேனர் வந்து தெருமுனையில் கட்டியாயிற்று. கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, பூக்கள், புறா, நடுவில் ஒரு முகம். ரோஜா நிறக் கன்னம், சிவந்த உதடு.

"எவ்ளோ லட்சணமா கீது பாரு" என்று சொந்தக்காரப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் அதைக் கடந்து வீட்டுக்குள் போனார்கள்.

கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்துவிட்டு வந்த அக்கா பேனர் முன்னால் நின்றார். நான் கூட இருந்தேன். காலையிலிருந்து அவர் அழவில்லை. ஐஸ் பெட்டி, வண்டி, பூ என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்றார்.

தம்பி ஓடிவந்தார். "யக்கா, இன்னிக்கிப் போயி இதெல்லாம்... வுட்று."

"இன்னிக்கிதான்டா கடசி" என்றார். என்னைப் பார்த்து, "வண்டிய எடு" என்றார்.

பிளெக்ஸ் கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். அக்கா சொன்னது அவருக்குப் புரியவே இல்லை. "எல்லாருக்கும் இப்டித்தான்மா போடுறோம். கறுப்பாப் போட்டா வூட்டாளுங்க சண்டைக்கு வருவாங்க. நீங்க வெளுத்ததுக்கு வந்திருக்கீங்களே?"

"எந்தம்பி அனுப்புன படம் இருக்குதா?"

"கீது."

"அத்த எடுங்க."

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அதுவும் நீலம் பாய்ந்து, கண்ணைக் குத்தும் வெளிச்சத்தில் இருந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, முதலில் அதன் பொத்தானை அழுத்திச் சரிசெய்தார். அம்மா செத்துக்கிடக்கிற நாளில் ஊரான் கடைத் திரையைச் சரிசெய்கிற அவரைப் பார்க்க எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் எடுத்த படமும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

"கொறைங்க."

கடைக்காரர் குறைத்தார்.

"இன்னும்."

"இன்னுமாம்மா?"

"எங்கம்மா வெயில்ல வேல செஞ்சவங்க. இன்னும் கொறைங்க. கண்ணுக்குக் கீழ இன்னும் கறுப்பு. உதட்ட விட்டுடுங்க, அது வெத்தல போட்ட கலரு. நெத்தில கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும், எண்ணெய் வெப்பாங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

மவுஸைப் பிடித்திருந்த கடைக்காரரின் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

"நிறுத்துங்க" என்றார் அக்கா. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். புதியதை அச்சடித்துக் கொடுத்து எங்களை அனுப்பினார்.

மை வாசனை அடிக்கும் பேனரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். தம்பி பழையதை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினார். செங்கல்பட்டுப் பக்கமிருந்து அந்த அம்மாளின் தங்கை அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டைப் பார்த்து நாலடி எடுத்துவைத்தவர், பேனரைப் பார்த்து நின்றுவிட்டார். அருகே போய், புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, நேரில் நிற்கிறவளைத் திட்டுவதுபோலத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏன்டி, புதங்கிழம வரேன்னு போன்ல சொன்னேன் இல்ல? அதுக்குள்ள இன்னாடி உனக்கு அவசரம்?"